பதீஆவுக்கு ஒரு மரண அறிவிப்பு

எங்கள் பள்ளி முதல்வர் மாமூனைப் பொறுத்தவரை நாவல் என்றால் மூன்று பாகம். கதைச்சுருக்கம், ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு, கடைசியில் நீதி. எந்த நாவலாக இருந்தாலும் நீதி மட்டும் மாறாது: பொறுமை வெல்லும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அண்ணன் அக்காமார் எழுதிய பழைய தாளைப் பார்த்து ஆண்டுதோறும் அதை எழுதுவார்கள். நானும் ஆண்டுதோறும் திருத்துவேன். சென்ற வருடம் ஒரு பையன் அவசரத்தில் அண்ணனுடைய பெயரையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட்டான். அன்றைக்கு என் விஷயத்தில் பொறுமை வெல்லவில்லை.

நேராக முதல்வர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். இந்த முறை பிள்ளைகள் அவரவர் நாவலை அவரவரே எடுத்துக்கொள்ளட்டும், படித்த பிறகு மனதில் பட்டதை எந்த வடிவில் வேண்டுமானாலும் செய்துகொண்டு வரட்டும் என்றேன். எந்த வடிவில் என்றால் எப்படி என்று கேட்டார். பாட்டு, படம், சமையல், விளையாட்டு, எதுவானாலும் சரி என்றேன். சமையல் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

மாமூன் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஸைதா மாதிரி சின்னத் துறைமுக ஊரில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர் பயப்படாமல் இருக்கவும் முடியாது. இங்கே காலையில் ஒருவர் தும்மினால் சாயங்காலம் துறைமுகத்தில் அவருக்குக் கஷாயம் சொல்வார்கள். அதனால் ஒரு நிபந்தனை போட்டார். வெளியிலிருந்து ஒரே ஒரு புகார் எழுத்தில் வந்தாலும் பிள்ளைகள் செய்ததெல்லாம் குப்பைக்குப் போகும், பழையபடி மூன்று பாகம் திரும்பும், புகாருக்குக் காரணமான பிள்ளைக்கு அந்தப் பருவத்துக்கு முட்டை. நான் சரி என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்கு ஒன்றும் புதிதில்லை.

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஜாத் என்பவன் தன் நாவலின் பாத்திரங்களை அட்டையில் வெட்டிக் கால்பந்து அணியாக நிறுத்தி, வில்லனைக் கோல்கீப்பராகப் போட்டான். அவன் எதையும் உள்ளே விடமாட்டான் மிஸ் என்று காரணமும் சொன்னான். ஒருத்தி கதாநாயகியின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை அட்டையில் ஆள் உயரத்துக்குச் செய்துகொண்டிருந்தாள். மேல்தட்டில் கல்யாணத்துக்கு முன்னால் அவள் தின்றது, கீழ்த்தட்டில் கல்யாணத்துக்குப் பின்னால் தின்றது. இன்னொருத்தி, கதையில் மாமியார் விஷம் வைக்கும் ஆரஞ்சு கேக்கை விஷம் இல்லாமல் செய்துவர அனுமதி கேட்டாள். இரண்டு பேருடைய வேலையை அவர்களுடைய அம்மாக்கள்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கண்டுகொள்ளவில்லை. அம்மாக்களாவது ஒரு நாவல் படிக்கட்டுமே.

லுஜைன் கடைசி பெஞ்சுக்காரி. புருவம் எழுதுவதில் எவ்வளவு கவனமோ அவ்வளவு அலட்சியம் மற்ற எல்லாவற்றிலும். பிறந்ததிலிருந்து ஒரு புத்தகத்தையும் முடித்ததில்லை என்று அவளே சொல்வாள், அதில் வெட்கமும் கிடையாது. துறைமுகத்துப் பழைய புத்தக வண்டியில் எது ரொம்ப ஒல்லியோ அதை எடுத்துக்கொண்டு வந்தாள். ‘கடலுக்கு எதிரே ஒரு வீடு’ என்று பெயர். எழுதியவர் வஜீஹ் மர்ஜான். பின்னட்டையில் மீசைக்கார இளைஞர் ஒருவர் மோவாயில் கை வைத்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். இலக்கியம் படித்த நானே கேள்விப்படாத பெயர்.

அடுத்த வாரம் ஆசிரியர் அறைக்கு வந்து புத்தகத்தை என் மேஜைமேல் போட்டாள். வைத்தாள் என்று சொல்லமுடியாது, போட்டாள்.

“மிஸ், இந்த ஆளு ஒருத்திய கொன்னுட்டான்.”

யாரை என்று கேட்டேன். பதீஆவை என்றாள். பதீஆ தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிறவள். தாய் தகப்பன் இல்லாதவள். கதாநாயகன் கரீம் தினமும் மாலையில் பெய்ரூத்தில் இருக்கும் பணக்காரப் பெண்ணோடு பேச அவள் வழியாகத்தான் போக வேண்டும். இணைப்புக் கிடைக்கும்வரை அவளோடு கொஞ்சம் பேசுவான். கடல் எப்படி இருக்கிறது, மதியம் என்ன சாப்பாடு, இவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்காக அவள் நாள் முழுக்கக் காத்திருக்கிறாள் என்று கரீமைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அப்புறம் ஒரு பக்கத்தில் இப்படி வருகிறது: ‘அந்தக் குளிர்காலத்தில் பதீஆ காய்ச்சலில் இறந்தாள், கரீமின் திருமண ஏற்பாடுகள் தொடங்கின.’

“ஒரே வரி மிஸ். அதுலயும் பாதி அவ சாவு, பாதி அவன் கல்யாணம். அவளுக்காக யாராச்சும் துக்க வீட்டுல ஒரு வாய் கசப்புக் காப்பி குடிச்சாங்களா? இல்ல. அடுத்த பக்கத்துல ஆட்டுக்கறி வேகுது.”

கண் மை கன்னம்வரை வழிந்திருந்தது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்கப் பெரும்பாடு பட்டேன். ஒரு பிள்ளை நாவலைப் படித்துவிட்டு நியாயம் கேட்டு வந்து நிற்கிறது, ஓர் ஆசிரியைக்கு வேறென்ன வேண்டும்? சரி, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். பதீஆவுக்கு முறையாக ஒரு மரண அறிவிப்பு அச்சடிக்கப் போகிறேன் என்றாள்.

எங்கள் ஊரில் சுவரில் ஏறாத சாவு சாவே இல்லை. கறுப்புக் கட்டம் போட்ட தாள், நடுவில் பெயர், கீழே தகப்பன், உடன்பிறந்தவர்கள், சம்பந்திக் குடும்பங்கள், துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு இடமும் நேரமும். லுஜைன் உட்கார்ந்து அதே அச்சில் எழுதினாள். மேலே வழக்கமாக வரும் வேதவசனத்தை மட்டும் விட்டுவிட்டாள். கதையில் வருகிறவளுக்கு வசனம் போட்டால் விளையாட்டாகிவிடும் என்றாள், அந்த அளவுக்கு யோசித்திருந்தாள். தொலைபேசி நிலையத்தில் பணியாற்றியவர் என்று போட்டாள். இடம் நம் பள்ளி மண்டபம், வியாழக்கிழமை மூன்று மணி முதல் ஆறு மணிவரை என்று போட்டாள், ஏனென்றால் அதுதான் பிள்ளைகளின் வேலைகளைப் பார்வைக்கு வைக்கும் நேரம்.

தகப்பன் பெயரில்தான் சிக்கல். அநாதை என்று போட அவளுக்கு மனம் வரவில்லை. செத்த பிறகாவது அவளுக்கு ஒருவர் வேண்டாமா? யார் அவளை உலகத்துக்குக் கொண்டுவந்தது என்று யோசித்தாள். விடை பின்னட்டையில் மோவாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. ‘வஜீஹ் மர்ஜான் அவர்களின் மகள்’ என்று எழுதிவிட்டாள். உயிரோடு இருப்பாரோ என்று அவளுக்குத் தோன்றவில்லையா என்றால், தோன்றாது. பதினாறு வயதுக்கு எழுத்தாளர் என்றால் ஒன்று செத்தவர், இல்லை பெய்ரூத்தில் இருக்கிறவர். ஆனாலும் பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று போடவில்லை. சரியாகத் தெரியாமல் ஒருவரைச் சாகடிக்கக் கூடாது என்று நினைத்தாளாம்.

தாளை எடுத்துக்கொண்டு காய்கறிச் சந்தைக்குப் பக்கத்து அச்சகத்துக்குப் போய் ஒரே ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அச்சகக்காரர் அபூ ரபீஃ தாளைப் பார்த்தார், மை வழிந்த முகத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் கேள்வி கேட்பது மரியாதையில்லை. ஒரு பிரதியை அவள் கையில் கொடுத்து, மற்றதை நாங்க பாத்துக்கிறோம் மகளே என்று சொல்லி அனுப்பினார். மற்றது என்றால் என்ன என்று இவளுக்குப் புரியவில்லை. புரிந்திருக்க வேண்டும். மரண அறிவிப்பு அச்சடிக்கிற கடைதான் அதை ஒட்டியும் கொடுக்கும், இது ஊரறிந்த வழக்கம். பசை வாளியை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு ஹிலால் என்ற ஒட்டுக்காரர் அன்றைக்கே கிளம்பிவிட்டார். பள்ளிவாசல் சுவர், மீன் ஏலக்கூடம், சந்தை வாசல், கோட்டைக்குப் போகிற வழி, ஒன்றையும் விடவில்லை.

மறுநாள் புதன்கிழமை. இடைவேளையில் என் தங்கை போன் செய்து, டாக்டர் வஜீஹ் விஷயம் கேள்விப்பட்டாயா என்றாள்.

டாக்டர் வஜீஹைத் தெரியாதவர் ஸைதாவில் இல்லை. டாக்டர் இல்லை, மருந்துக்கடைக்காரர். ஆனால் எங்கள் தலைமுறைக்கு இருமலும் சளியும் அவர் கையால்தான் நின்றது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடையை மூடி ஓய்வெடுத்த பிறகு தொப்பி போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடப்பார், யாரோடும் அதிகம் பேசமாட்டார். குடும்பப் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அது மர்ஜான் என்பது தங்கை சொல்லச் சொல்லத்தான் எனக்கு உறைத்தது. டாக்டருக்கு ஒரு மகள் இருந்தாளாம், தொலைபேசி நிலையத்தில் வேலையாம், பாவம், போய்விட்டாளாம். தாய் யார் என்பதில்தான் ஊர் மூன்றாகப் பிரிந்திருந்தது. ஒரு கட்சிக்கு அமெரிக்க மருத்துவமனை நர்ஸ், ஒரு கட்சிக்கு எகிப்துக்காரி, மூன்றாம் கட்சி வாயைத் திறக்காமல் சிரித்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

“துக்கம் கேக்க உங்க ஸ்கூல்லதான் இடமாம்,” என்றாள் தங்கை. “நீ ஒரு வார்த்த சொல்லல பாத்தியா.”

மதியத்துக்குள் டாக்டரே வந்துவிட்டார். மீசை வெள்ளையாகியிருந்ததே தவிர, பின்னட்டைக்காரர்தான். கையில் சுவரிலிருந்து உரித்த தாள், பசை இன்னும் காயாமல் கோட்டுக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல்வர் அறையில் அவரும் மாமூனும் நானும் லுஜைனும். மனிதர் கோபத்தில் உட்கார மறுத்துவிட்டார். காலையில் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டம்மா ஒரு தாம்பாளம் சோற்றோடு நின்று அழுகிறார். முடிவெட்டுகிறவன் அவரைக் கண்டதும் ரேடியோவை நிறுத்துகிறான். இமாம் கட்டிப்பிடித்து, நீங்க எவ்வளவு பெரிய பாரத்தைத் தனியாச் சுமந்திருக்கீங்க என்று காதில் சொல்கிறார்.

“நான் யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணல,” என்றார். “இந்த வயசுல எனக்கு ஒரு பொண்ணப் பெத்து, அன்னைக்கே அவளக் கொன்னும் போட்டுட்டீங்க.”

லுஜைன் தலை நிமிராமல், கொன்னது நான் இல்ல என்றாள். நல்லவேளை, அது என் காதில் மட்டும் விழுந்தது.

பள்ளி வேலைக்காக ஒரு பிள்ளை செய்தது என்று, எனக்குப் பேச இடம் விடாமல், மாமூன் நூறு முறை மன்னிப்புக் கேட்டார். சுவரிலிருப்பதையெல்லாம் இன்றே எடுத்துவிடுகிறோம் என்று ஹிலாலுக்குப் போன் போட்டார். ஹிலால் மறுத்துவிட்டார். ஒட்டுவதுதான் தன் வேலை, செத்தவர் தாளைக் கிழித்தால் அடுத்த தாள் நம் வீட்டுக்கு, மழை வந்து எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். வேறு யாரும் கைவைக்கத் துணியவில்லை. கடைசியில் டாக்டரே ஒரு தீர்ப்புச் சொன்னார். நாளைக்கு மூன்று மணிக்கு அவரும் வருவார். மண்டப வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் இது பொய் என்று இந்தப் பெண் தன் வாயால் சொல்ல வேண்டும். அது முடிந்ததும் அவர் தன் கையால் புகார் எழுதிக் கொடுப்பார்.

அவர் போனதும் மாமூன் என்னைப் பார்த்தார். நிபந்தனையை அவர் திருப்பிச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. கால்பந்து அணி, குளிர்சாதனப் பெட்டி, கேக், எல்லாம் ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தன. லுஜைனுக்கு முட்டை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நாவலை முடித்த பிள்ளைக்கு அதற்குப் பரிசாக முட்டை. வெளியே வந்து லுஜைனிடம், இது டாக்டரே எழுதிய புத்தகத்தில் வருகிறவள் என்று ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். தாளில் பதீஆ பெயரைப் பார்த்தும் அவருக்கு நினைவு வரவில்லையே மிஸ், அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை என்றாள். அது உண்மைதான். நர்ஸ், எகிப்துக்காரி என்று எல்லாவற்றையும் மறுத்த மனிதர் அந்தப் பெயரை ஒரு முறைகூட உற்றுப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மண்டபத்தில் பிள்ளைகளின் வேலைகள் சுவரைச் சுற்றி வரிசையாக நின்றன. கறுப்பு உடையில் யாரையாவது பார்த்தால் கேன்டீன் உம்மு ஸாமிக்குக் கை தானாகவே காப்பி போடும். மூன்று மணிக்கு முன்பே சர்க்கரை இல்லாத காப்பி மணம் மாடிவரை வந்துவிட்டது. அவளிடம் விளக்கிச் சொல்லலாம் என்று போனேன். குவளையைக் கையில் திணித்தாள், குடித்துவிட்டுத் திரும்பினேன்.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்து வாசலில் லுஜைனுக்குப் பக்கத்தில் நின்றார். அங்கேதான் அவர் தப்புச் செய்தார். துக்க வீட்டில் வாசலை ஒட்டி யார் நிற்பார்கள்? சொந்தக்காரர்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் ஆள், முன்னாள் சுங்க அதிகாரி ஒருவர், படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே வந்து டாக்டரின் கையைப் பற்றிக்கொண்டார்.

“அந்தப் பிள்ள விட்டுட்டுப்போன ஆயுசு உங்களுக்குச் சேரட்டும், டாக்டர்.”

“இதுல ஒரு தப்பு நடந்துபோச்சு,” என்றார் டாக்டர்.

“ஆண்டவன் எழுதுனதுல தப்பு ஏது,” என்று சுங்க அதிகாரி அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

லுஜைன் சொன்னாள், நான் சாட்சி. இது ஒரு நாவல், பதீஆ என்று யாரும் இல்லை, என் பள்ளி வேலை என்று ஒவ்வொருவரிடமும் தெளிவாகச் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று நினைத்து ஓர் அம்மா அவள் தலையைத் தடவி நெற்றியில் முத்தம் வைத்தார். அதற்குள் பின்னால் பத்துப் பேர், அதற்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், நாற்காலிகள் நிறைந்தன. அட்டைக் குளிர்சாதனப் பெட்டிக்கும் கால்பந்து அணிக்கும் நடுவே பாதி ஸைதா தலையைக் குனிந்து உட்கார்ந்து காப்பி குடித்தது. மாமியாரின் ஆரஞ்சு கேக் கால்மணி நேரத்தில் தீர்ந்தது.

துக்கத்துக்கு வந்தால் செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். தெரியாது என்று சொல்வது எங்கள் ஊர் மரியாதைக்கு ஒத்துவராது. டாக்டருக்கு மகள் இருந்ததே புதன்கிழமைதான் தெரியும் என்கிறவர்கள், வியாழக்கிழமை பதீஆவை மடியில் வைத்து வளர்த்தவர்கள்போலப் பேசினார்கள். மீன் ஏலக்காரர் ஒருவர், குவைத்திலிருந்து தம்பி போன் பண்ணினால் நடுராத்திரியிலும் அவள்தான் எழுந்து இணைப்புக் கொடுப்பாள், தங்கக்குரல் என்றார். பக்கத்தில் இருந்தவர், இணைப்புக் கொடுத்துக்கொண்டே பாடுவாளே என்று சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் வாசலிலிருந்து திரும்பினார்.

“அவ பாட மாட்டா,” என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கே ஆச்சரியம்போல. கொஞ்சம் தயங்கி, ராத்திரி வேலைக்கும் அவள் போனதில்லை, பகல் வேலை மட்டும்தான் என்றார். ஏலக்காரர் ஆமாம் ஆமாம் பகல்தான் என்று உடனே ஒத்துக்கொண்டார். இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண் அவள் கைநிறைய வளையல் போட்டிருப்பாளே என்று தொடங்க, டாக்டர் அவசரமாக மறுத்தார். வளையல் சத்தம் போனில் கேட்கும் என்று கழற்றிவைத்துவிடுவாள் என்றார். சொல்லிவிட்டு ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். மனிதர் அவளைக் கண்டுபிடித்துவிட்டார். மருந்துக்கடை இருமல் மருந்துக்குப் பின்னால் எங்கேயோ வைத்து மறந்துபோனவளை, ஊர்க்காரர்கள் தப்புத் தப்பாகச் சொல்லச் சொல்லத் திருத்தித் திருத்தி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் சற்று இடைவெளி விட்டபோது அவர் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். லுஜைன் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் பையில் புத்தகம் இருந்தது, அதையும் எடுத்து நீட்டினாள். நான் இரண்டு நாற்காலி தள்ளி நின்று ஒட்டுக்கேட்டேன், அதற்காக வெட்கப்படவும் இல்லை.

டாக்டர் அட்டையைத் தடவினார். தன் காசில் அச்சடித்ததாகவும், கடைக் கல்லாப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்ததாகவும், மருந்து வாங்கினவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்ததாகவும் சொன்னார். ஒருவர்கூடத் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். ஒரு நாள் தன் புத்தகத் தாளிலேயே வறுகடலை மடித்து வந்ததாம். அன்றைக்கு மிச்சத்தைப் பெட்டியில் போட்டுக் கட்டியவர், பிறகு அதை நினைப்பதையே விட்டுவிட்டார்.

“அவள ஏன் கொன்னீங்க?” என்று கேட்டாள் லுஜைன்.

டாக்டர் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

“அவ இருந்தா கல்யாணம் நடக்காதும்மா. எனக்குக் கதைய முடிக்கணும். அவள என்ன பண்றதுன்னு தெரியல.”

“கடைசி அத்தியாயத்துல கரீம் போன எடுக்கிறான். வேற ஒரு பொண்ணு குரல் வருது. யார் நீ, பதீஆ எங்கன்னு அவன் கேக்கவே இல்ல. அந்த இடத்துலதான் எனக்கு அழுகை வந்துச்சு.”

“அத நான் எழுதலையே,” என்றார் டாக்டர். “வேற குரல்னு நான் எழுதல. அவன் போன் பண்ணினான்னு மட்டும்தான் எழுதினேன்.”

“நீங்க எழுதல. ஆனா அவதான் செத்துட்டாளே டாக்டர், அப்போ குரல் வேறதானே?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், மறுபடியும் கழற்றினார். எத்தனையோ வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு நாவலை ஒருவர் இப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. எழுதினவருக்கே தெரியாமல் அவர் எழுதியதை, மூன்று பாகம் எழுதத் தெரியாத ஒரு கடைசி பெஞ்சுக்காரி எடுத்துக் கொடுக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, துக்க வீடுதானே என்று அழுதேன்.

அதற்குள் வாசலில் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. மீன்பிடிப் படகுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் குளித்துச் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். டாக்டர் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். போய் வாசலில் நின்றார், தொப்பியைக் கழற்றினார். தப்பு நடந்துபோச்சு என்று இந்த முறை சொல்லவில்லை. ஒவ்வொருவர் கையையும் பிடித்து, உங்க ஆயுசும் நீளட்டும், நடந்து வந்த கால்களுக்கு நன்றி என்று முறையான பதிலைச் சொன்னார். லுஜைன் பக்கத்தில் போய் நின்றதும் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

ஆறு மணிக்குக் கூட்டம் கலைந்தது. மாமூன் இதுவரை தன் அறையைவிட்டு வராதவர், ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். பாவம், அவருக்கும் இதை முடித்துத் தொலைத்தால் போதும் என்றிருந்தது. பிள்ளைகள் தங்கள் வேலைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். ஜாத் தன் கோல்கீப்பரைச் சுவரிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“உங்க புகார, டாக்டர்,” என்றார் மாமூன்.

டாக்டர் தாளை வாங்கி மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

“துக்கம் மூணு நாள்,” என்றார். “இன்னைக்கு ஒரு நாள்தான் ஆயிருக்கு. மண்டபம் நாளைக்கும் நாளன்னைக்கும் வேணும்.”

மாமூன் கற்ற நிர்வாகத்தில் இந்தப் பாடம் வரவில்லை. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் கால்பந்து அணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை,” என்றார் கடைசியில். “ஸ்கூல் லீவு. நான் இருக்கமாட்டேன், டாக்டர்.”

“நீங்க வேண்டாம், சாவி போதும்.”

மாமூன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மண்டபச் சாவியைக் கழற்றி அவரிடம் நீட்டினார். டாக்டர் அதை வாங்கவில்லை. லுஜைனைக் காட்டினார்.

“அவகிட்ட குடுங்க,” என்றார். “செத்தவளுக்கு நெருங்கின சொந்தம் அவதான்.”